லாங் டேங்க் என்று ஓர் ஏரி இருந்தது

போன மாதம் ஒரு பில்டர் வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு கிரவுண்டு நிலத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், கீழ்த்தளத்தை மறந்துடுங்க. முழுக்கக் கார் நிறுத்த விட்டுடலாம். வெள்ளம் வந்தா கார்தானே நனையும்" என்றார். உள்ளேயிருந்து என் மனைவி, "அப்போ காருக்கு மட்டும் நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

எங்கள் வீடு தியாகராய நகருக்குத் தெற்கே, மாம்பலம் கால்வாயிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறது. அப்பா 1958-இல் தன் அலுவலக நண்பர் ஒருவரிடமிருந்து மனையாக வாங்கினார். "மேடான இடம், வாசலில் மூன்று படி" என்று அப்போது பெருமையாகச் சொல்வார். அந்த மூன்று படிகள் இப்போது இல்லை. யாரும் இடிக்கவில்லை. தெருவில் ரோடு மேல் ரோடாகப் போட்டுப் போட்டு, ஒவ்வொரு படியாக ரோட்டுக்குள் போய்விட்டது. இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கத்தான் வேண்டும்.

வேலை பார்த்த காலம் முழுவதும் வரைபட மேசையிலேயே கழித்தவன் நான். டிராஃப்ட்ஸ்மேன். ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லைக்கோடு வரைந்தவன், சொந்த வீடு எதன் மேல் நிற்கிறது என்று பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். நூறு வருடத்துக்கு முந்தைய சென்னை வரைபடம் ஒன்றின் நகல் கிடைத்தது. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை, பிறை வடிவத்தில் நீலமாக ஒன்று நீண்டு கிடந்தது. மேலே ஆங்கிலத்தில் 'லாங் டேங்க்' என்று எழுதியிருந்தது. எங்கள் தெரு வரவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி நீலத்துக்குள் விழுந்தது.

வடக்கே நுங்கம்பாக்கம் ஏரி, தெற்கே மயிலாப்பூர் ஏரி என்று சொல்லப்பட்டது, எல்லாம் சேர்ந்துதான் இந்த லாங் டேங்க். சுமார் ஆறு கிலோமீட்டர் நீளம். வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். பெயர்களைக் கவனித்தால் ஏரி இன்னும் முழுசாகப் போகவில்லை என்று தெரியும். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட தெருக்கள். 'டேங்க் பண்டு ரோடு', அதாவது ஏரிக்கரைத் தெரு. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு'. அந்தத் தெருவில் குடியிருந்த என் பள்ளித் தோழனிடம், "உங்க லேக் எங்கேடா?" என்று கேட்டு நாங்கள் கிண்டல் செய்வோம். அவன் மழைக்காலத்தில் வாசலைக் காட்டுவான்.

ஏரி என்றால் ஏதோ பெரிய பள்ளம் என்று இப்போதைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். தோண்டிய பள்ளம் குளம். ஏரி வேறு. சரிவில் வரும் மழைத் தண்ணீரை மறித்து, மூன்று பக்கம் மண்கரை போட்டு, மேட்டுப் பக்கத்தைத் திறந்து விட்டால் அது ஏரி. நம் தொண்டை மண்டலம் ஏறக்குறைய சமதரை. ஆறுகளும் மழை பெய்தால் ஆறு, இல்லாவிட்டால் மணல். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவதை அந்தந்த இடத்திலேயே பிடித்து வைத்தால்தான் மாசியில் பயிர். அதனால்தான் செங்கல்பட்டுச் சீமை முழுக்க ஏரிகள். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது, கடைசியில் ஆறு, பிறகு கடல். உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளிலேயே, 'ஏரி வாரியம்' என்று தனியாக ஒரு குழு. அதற்குக் குடவோலை போட்டு ஆள் எடுத்தார்கள். கோயிலுக்கும் கணக்குக்கும் ஆள் வைப்பது போல ஏரிக்கும் ஆள் வைத்த ஊர் நம்முடையது.

ஏரி தண்ணீரைத் தேக்கியதோடு தெளியவும் வைத்தது. மேட்டிலிருந்து செம்மண்ணும் சருகும் சாணமுமாக ஓடி வரும் தண்ணீர், ஏரிக்குள் வந்ததும் வேகம் இழக்கும். வேகம் போனால் வண்டல் அடியில் படியும். கரையோரக் கோரையும் நாணலும் மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் ஏரி வற்றியதும் குடியானவர்கள் மாட்டு வண்டியில் அந்த வண்டலை அள்ளிப்போய் வயலில் கொட்டுவார்கள். வயலுக்கு உரம், ஏரிக்குத் தூர்வாரல். ஒரு பைசா செலவில்லாத சுத்திகரிப்பு நிலையம் என்று இப்போது சொல்லலாம். அப்போது யாரும் அப்படிப் பெயர் வைக்கவில்லை.

லாங் டேங்குக்கு மேற்கே கோடம்பாக்கம், வடபழனிப் பக்கம் மேடு. அங்கிருந்து வரும் தண்ணீர் ஏரியில் நிற்கும். கிழக்கே கரை, அதை ஒட்டி மவுண்ட் ரோடு. அந்த ரோட்டுக்குக் கிழக்கே இருந்த ஊர் நனையாமல் இருந்ததற்கு இந்த ஏரி ஒரு காரணம்.

பிறகு பட்டணம் பெருத்தது. முதல் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. ஏரிப் பாசனத்தில் இருந்த வயல்கள் ஒவ்வொன்றாக மனையாகிவிட்ட பிறகு, பாய்ச்ச நிலமில்லாத ஏரியால் என்ன பயன் என்று தோன்றியிருக்கும். கொசு வேறு. கரையை உடைத்துத் தண்ணீரை வடித்தார்கள். 1920-களின் நடுவில் தியாகராய நகர் எழுந்தது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியார் பெயரில் நகர், முதன்மை மந்திரியாக இருந்த பனகல் அரசர் பெயரில் நடுவே பூங்கா, டாக்டர் நடேச முதலியார் பெயரில் இன்னொரு பூங்கா, உஸ்மான் பெயரில் ரோடு. அந்தக் காலத்து அரசியலை வாசிக்கப் புத்தகம் தேவையில்லை, 12B பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும் என்று எங்கள் சரித்திர வாத்தியார் சொல்வார். நகரத்தை நன்றாகவே திட்டமிட்டார்கள். அகலமான தெரு, மரம், வட்டப் பூங்கா, வீட்டைச் சுற்றித் தோட்டம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நுங்கம்பாக்கம் பக்கத்தில் மிச்சமிருந்த ஏரியும் பிற்பாடு போனது. கரையோரம் 1925-இல் லயோலா கல்லூரி வந்தது. கடைசியாக மேடாக்கிய இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள். 'நீரின்றி அமையாது உலகு' என்று சொன்னவருக்கு ஏரியைத் தூர்த்த இடத்தில் கோட்டம்! அவர் தப்பாக நினைத்துக்கொள்ள மாட்டார். அவர் மழையைப் பற்றிச் சொன்னது கெடுப்பதும் அதுதான், எடுப்பதும் அதுதான் என்று இரண்டு பக்கமும் பார்த்துத்தானே.

ஏரி போனாலும் ஏரிக்கு வந்த தண்ணீர் போகவில்லை. அதற்கு விலாசம் மாறியது தெரியாது. மேற்கிலிருந்து பழையபடி இறங்கி வந்து, பழைய பள்ளத்திலேயே நிற்கப் பார்க்கும். அதை வெளியேற்ற இருக்கும் ஒரே பெரிய வழி மாம்பலம் கால்வாய். நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, தி.நகர் வழியாக, பழைய ஏரி கிடந்த பள்ளத்தோடேயே சுமார் ஐந்தரை கிலோமீட்டர் ஓடி அடையாற்றில் விழுகிறது. ஆறு கிலோமீட்டர் நீள ஏரி ஒன்று வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டுக் கோவணத்தோடு நின்றால் எப்படி இருக்குமோ, அதுதான் அந்தக் கால்வாய்.

இன்னொரு வேடிக்கை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்குக் குடிநீரும் கழிவுநீர்த் திட்டமும் வகுத்தவர் ஜே.டபிள்யூ. மேட்லி என்ற வெள்ளைக்காரப் பொறியாளர். 1914-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் அவர் கைவண்ணம். செங்குன்றத்துத் தண்ணீரை வடிகட்டிக் குழாயில் தந்தவர். அந்த மனிதர் பெயரில்தான் தி.நகரில் மேட்லி ரோடு. ரயில் பாதைக்கடியில் மேட்லி சுரங்கப்பாதை. ஒவ்வொரு மழைக்கும் முதலில் முங்குவது அதுதான்! பக்கத்திலிருக்கும் துரைசாமி சுரங்கப்பாதையும் அதற்குச் சளைத்ததல்ல. தரைக்கடியில் பள்ளம் பறித்து வழி போட்டால் தண்ணீர் வழி கேட்காமலே வரும்.

மேட்லி காலத்துத் திட்டத்திலிருந்து நமக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கழிவுநீருக்குத் தனிக் குழாய், மழைத் தண்ணீருக்குத் தனி வடிகால். இன்றும் கழிவுநீர்க் குழாயைப் பார்ப்பது 1978-இல் வந்த குடிநீர் வாரியம், மழைநீர் வடிகாலைப் பார்ப்பது மாநகராட்சி. ஏட்டில் இது சரியான ஏற்பாடு. மழைத் தண்ணீர் ஓரளவு சுத்தமானது, அதைச் சாக்கடையோடு கலந்தால் சுத்திகரிப்பு நிலையம் தாங்காது. ஆனால் நடப்பில், குழாய் அடைத்துக்கொண்ட வீட்டுக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பைப்பை மழைநீர் வடிகாலில் சொருகிவிடுகிறார். அப்புறம் கோடையில்கூட வடிகாலில் தண்ணீர் ஓடுகிறது. அது என்ன தண்ணீர் என்று மூக்கு சொல்லும். முதல் மழை பெய்ததும் ரோட்டில் ஆறு மாதம் சேர்ந்த எண்ணெய், டயர் தூள், பிளாஸ்டிக், குப்பை எல்லாம் அதோடு சேர்ந்து கால்வாய்க்குப் போய், கால்வாயிலிருந்து ஆற்றுக்கு. அந்த முதல் மழைத் தண்ணீர்தான் இருப்பதிலேயே அழுக்கு. முன்பு அதைத் தெளிய வைக்க ஏரி இருந்தது. இப்போது புது வடிகால்களில் ஆங்காங்கே வண்டல் தேங்கும் தொட்டி கட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். அதைத் தவறாமல் அள்ளினால்.

கால்வாய் சேருமிடத்திலும் ஒரு சிக்கல். அடையாறே நிரம்பி ஓடும்போது கால்வாய்த் தண்ணீர் எங்கே போகும்? ஆற்று முகத்தில் மணல் திட்டு, கடலில் ஏற்றம் என்றால் ஆறே தயங்கி நிற்கும். பக்கிங்ஹாம் கால்வாய் ஒரு துணை. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், கூலிக்கு ஆள் வைத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய எட்டு கிலோமீட்டர்த் துண்டு அது. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் பெயரே முழுக் கால்வாய்க்கும் நிலைத்துவிட்டது. பட்டினியில் மண் சுமந்தவர்கள் வெட்டிய கால்வாய்க்குள், நூறு வருடம் கழித்துப் பறக்கும் ரயிலுக்குத் தூண் இறக்கினோம். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலில் நானும் ஆசையாகத்தான் போனேன். கீழே பார்த்தால் கால்வாய் மெலிந்து கிடந்தது.

வெள்ளங்களை நான் பெய்த மழையை வைத்து நினைவு வைத்திருக்கிறேன். 1943 அக்டோபரில் கூவம் பொங்கியதை அப்பா சொல்லக் கேள்வி. 1976 நவம்பர் நானே பார்த்தது. நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர். எங்கள் வாசலில் இரண்டாவது படி வரை தண்ணீர் ஏறி நின்றது. அம்மா அரிசிக் குதிரைப் பரண் மேல் ஏற்றச் சொல்லிவிட்டு, மூன்றாவது படியைப் பார்த்தபடியே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது படி நனையவில்லை. மறுநாள் மதியத்துக்குள் தெரு தெரிந்தது. தோட்டத்து மண் இரண்டு நாள் சொதசொதவென்று இருந்தது, கிணறு விளிம்பு வரை நிரம்பியிருந்தது. கையால் மொண்டு குளித்தோம்.

2015 டிசம்பர் முதல் தேதி. தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் என்றாலும் நுங்கம்பாக்கத்தில் 29 தான். 1976-ஐவிடக் கம்மி. ஆனால் அடையாறு செம்பரம்பாக்கத்துத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு வந்ததால் கால்வாய் வடியவில்லை. வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர். அப்பாவின் மனைப் பத்திரம், அம்மாவின் ஒரே ஸ்டூடியோ புகைப்படம், நான் 35 வருடம் சேர்த்த வரைபடங்கள், எல்லாம் கூழ். தண்ணீர் இறங்க நான்கு நாள் ஆயிற்று.

2021 நவம்பரில் ஆறு பெருகவில்லை. ஒரு ராத்திரியில் 20 சென்டிமீட்டர் சொச்சம், அவ்வளவுதான். ஆனாலும் தி.நகரும் மாம்பலமும் நாள்கணக்கில் நின்றன. எங்களோடு இருக்கும் அண்ணாவுக்கு அப்போது வாரம் மூன்று டயாலிசிஸ். ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போயிற்று. திங்கள்கிழமை மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நானும் எதிர்வீட்டுப் பையனும் இன்னும் இரண்டு பேருமாக இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை போனோம். என் பக்கத்துக் காலை நான் சரியாகப் பிடிக்கவில்லை, நாற்காலி ஒரு தடவை சாய்ந்தது. அண்ணா ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி குத்தியபிறகுதான், "1976-லே எல்லாம் இப்படி இல்லையேடா" என்றார்.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். ஒரு கணக்கு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2,230 லிட்டர். எங்கள் இரண்டு கிரவுண்டில் 20 சென்டிமீட்டர் பெய்தால் கிட்டத்தட்ட 89,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏழு முழுதாக நிரப்பி எட்டாவதையும் பாதி நிரப்பலாம். வீட்டைச் சுற்றி மண்ணும் கிணறும் இருந்தபோது அதில் பெரும் பகுதி உள்ளேயே இறங்கியது. இப்போது ஏறக்குறைய மொத்தமும் தெருவுக்கு வருகிறது. எங்கள் தெருவில் 22 வீடு. பெருக்கிப் பாருங்கள்.

மண் எங்கே போயிற்று என்றால், நான்தான் மூடினேன். 1988-இல் மழைக்காலத்தில் சேறு படுகிறது, பாம்பு வருகிறது என்று வீட்டைச் சுற்றி முழுக்க சிமென்ட் போட்டேன். அண்ணா வேண்டாம் என்றார். "அந்த நந்தியாவட்டையாவது இருக்கட்டுமேடா" என்றார். கேட்கவில்லை. கிணற்றையும் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடி மேலே தளம் போட்டு ஸ்கூட்டர் நிறுத்தினேன். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது, மொட்டை மாடிக் குழாயின் கீழே ஒன்றரை அடிக்குக் குழி தோண்டி ஜல்லி போட்டு, பார்க்க வந்தவரிடம் காட்டினேன். அடுத்த வருடம் அதுவும் மண் அடைத்துக்கொண்டது. வெள்ளம் வந்தபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் அதிகாரிகளைத் திட்டினேன்.

2021-க்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டார்கள். வடிகால் வேலை மும்முரமாக நடந்தது. எங்கள் பக்கம் இப்போது முன்பைவிடச் சீக்கிரம் வடிகிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எல்லா இடத்துக்கும் வடிகால்தான் மருந்து என்று நான் நினைக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மணற்பாங்கான தரை, மழை பெய்ததும் உறிஞ்சிக்கொள்ளும். அங்கே வடிகால் கட்ட வந்தபோது குடியிருப்பவர்களே வேண்டாம் என்று எதிர்த்தார்கள். மண்ணில் இறங்கும் நல்ல தண்ணீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டால், அந்த இடத்துக்குக் கடல் தண்ணீர் அடியில் வந்துவிடும் என்பது அவர்கள் பயம். நியாயமான பயம். களிமண் தரையில் வடிகால் வேண்டும், மணல் தரையில் மண்ணே வடிகால், பள்ளத்தில் குளம் வேண்டும். 2024-இல் கிண்டி பந்தய மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டபின் அங்கே மழைத் தண்ணீருக்காகக் குளங்கள் வெட்டினார்கள். செய்தியைப் படித்துக் காட்டியபோது அண்ணா, "தூர்த்ததும் நாமே, தோண்டறதும் நாமேவா?" என்று கேட்டார்.

ஹரியானாவிலிருந்து ஆட்கள் வந்து ஜாக்கி வைத்து வீட்டை மூன்று அடி தூக்கித் தருகிறார்களாம். அடுத்த தெருவில் இரண்டு வீடு தூக்கிவிட்டார்கள். பையன் பெங்களூரிலிருந்து, "ஒண்ணு தூக்குங்க, இல்லே பில்டர்கிட்டே கொடுங்க" என்கிறான். தூக்கின வீட்டுத் தண்ணீர் தூக்காத வீட்டுக்குத்தான் போகும். எதிர்வீட்டுப் பையன் வாடகைக்கு இருக்கிறவன். அவனால் தூக்க முடியாது.

போன புதன்கிழமை கொத்தனார் ஒருவரை வைத்துப் பின்பக்கச் சிமென்ட்டை உடைக்க ஆரம்பித்தேன். அண்ணா திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கே உடைக்க வேண்டும் என்று கைத்தடியால் காட்டினார். மதியம் மூன்று மணி சுமாருக்குக் கிணற்று உறை தட்டுப்பட்டது. ஆறு அடி வரை இடிபாடு எடுத்தாயிற்று, இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று கொத்தனாரால் சொல்ல முடியவில்லை. நாளைக்கு இரண்டு ஆள் கூட வேண்டும் என்கிறார். பில்டர் இரண்டு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை. ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.